மாந்தோப்பில் நிற்கும் பழைய எஃப்.சி. 150 பிக்கப்பை எப்படி எழுப்புவது?

கேள்வி: குடியாத்தம் பக்கம் எங்கள் மாந்தோப்பில் தாத்தாவின் மஹிந்திரா எஃப்.சி. 150 பெட்ரோல் பிக்கப் 2006-லிருந்து நிற்கிறது. 1972-ல் பதிவான வண்டி. தோப்புக்கு ஓடித்தான் வந்தது, இப்போது எஞ்சின் சுற்றவில்லை. ஒரு பட்டறையில் "இந்த எஞ்சினைத் தூக்கிப் போட்டுட்டு டீசல் வைத்துவிடலாம்" என்கிறார்கள். புது பெயின்ட் அடித்து, அகல டயர் போட்டு, கொஞ்சம் மாற்றி அமைக்கவும் ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

தம்பி, முதலில் ஒரு வேண்டுகோள். ஆர்வத்தில் புது பேட்டரி வைத்துச் செல்ஃப் அடித்துவிடாதீர்கள். டிராக்டரில் கயிறு கட்டி இழுத்து, கியரில் போட்டு ஸ்டார்ட் செய்கிறேன் என்று யாராவது வந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். பிடித்துக்கொண்டிருக்கும் எஞ்சினை உடைக்க அந்த இழுப்பு அரை நிமிடம் போதும். ரிங் உடையும், கனெக்டிங் ராடு வளையும். அப்புறம் அந்தப் பட்டறைக்காரர் சொன்ன டீசல் எஞ்சின்தான் கதி என்று ஆகிவிடும்.

நான் தொழில் பழகியது வேலூரில் ஒரு பாயிடம். ஓடித் தேய்ந்த வண்டியையும் நின்று கெட்ட வண்டியையும் அவர் ஒரே கண்ணால் பார்க்கவே மாட்டார். "ஓடுன வண்டில இரும்பு தேஞ்சிருக்கும். நின்ன வண்டில இரும்பு அப்படியே கீது, மத்ததெல்லாம் பூடும்" என்பார். உங்கள் வண்டியைப் பற்றி நான் சொல்லப்போவது எல்லாம் அந்த ஒரு பேச்சிலிருந்து வருவதுதான். ஓடி வந்து நின்ற வண்டி என்றால், அதன் கிராங்க், கியர்பாக்ஸ், அச்சுக்குள் இருக்கும் கிரவுன் பினியன் பல்சக்கரம் எல்லாம் 2006-ல் இருந்த நிலையிலேயே இருக்க வாய்ப்பு அதிகம். கெட்டிருப்பவை பெட்ரோல், பிரேக் ஆயில், ரேடியேட்டர் தண்ணீர், ரப்பர், வயர். எஞ்சினை மாற்றுவது என்றால், நன்றாக இருக்கக்கூடிய ஒன்றைத் தூக்கி எறிந்துவிட்டு கெட்டுப்போன அத்தனையையும் அப்படியே வைத்துக்கொள்வது. அதனால்தான் அந்த யோசனையை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம். அமெரிக்காவில் வில்லிஸ் நிறுவனம் 1956 இறுதியில் கொண்டுவந்த வடிவம் இது, வரைந்தவர் புரூக்ஸ் ஸ்டீவன்ஸ். மஹிந்திரா இதை 1965-ல் இங்கே இறக்கியது. ஓட்டுபவர் முன் அச்சுக்கு மேலேயே உட்காருவார். எஃப்.சி. என்பது அதைத்தான் சொல்கிறது: ஃபார்வர்டு கன்ட்ரோல். எஞ்சின் இரண்டு சீட்டுக்கும் நடுவில் ஒரு பெட்டி மூடிக்குள் இருக்கும். உள்ளே இருப்பது சாதாரண பெட்ரோல் ஜீப்பில் வந்த அதே 2.2 லிட்டர், 4 சிலிண்டர் ஹரிக்கேன் எஞ்சின். இது உங்களுக்குப் பெரிய வசதி. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஜீப் சாமான்கள் சென்னைப் புதுப்பேட்டையில் தேடினால் அகப்படும். ஹரியானா டப்வாலியில் ஜீப் வேலையே ஒரு தொழிலாக நடப்பதால் அங்கிருந்தும் வரவழைக்கலாம். கேபின் சாமான்கள்தான் கிடைக்காது. கதவு, கண்ணாடி, கண்ணாடியைச் சுற்றியுள்ள பீடிங், கதவுக் கைப்பிடி இவற்றில் ஒரு துண்டைக்கூடக் காயலான்கடைக்குப் போக விடாதீர்கள். நைந்து போன பீடிங்கையும் எடுத்து வையுங்கள், புதிது செய்ய அதுதான் அளவு.

அடுத்து, வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள்: தாத்தா இந்த வண்டியில் என்ன ஏற்றினார்? குடியாத்தம் என்பதால் கேட்கிறேன். லுங்கி மூட்டையும் மாங்காயும் ஏற்றிய வண்டி என்றால் கவலை குறைவு. பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கம் உப்பு போட்ட பச்சைத் தோல் ஏற்றிய வண்டி என்றால் கதை வேறு. தோலிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டே வரும். அது பலகை இடுக்கு வழியாக இறங்கி சேஸிஸ் மேல் தங்கும். தோல் அடித்த ஒரு ஜீப் பிக்கப்பின் பலகையை நான் பெயர்த்தபோது, மேலே பெயின்ட் பளபளவென்று இருந்தது. கீழே சேஸிஸ் கட்டையின் மேல் முகத்தில், பலகை உட்கார்ந்த இடமெங்கும் வெள்ளைப் பூப்பு. ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்தினேன், அப்பளம் போல உள்ளே போனது. ஆகவே பலகையைக் கழற்றாமல் சேஸிஸ் நன்றாக இருக்கிறது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். சிறிய சுத்தியலால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும், அரித்த இடம் மொத்தென்று சொல்லும். லீஃப் ஸ்பிரிங் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிள் மாட்டியிருக்கும் இடங்களில் இரண்டு முறை தட்டுங்கள்.

உப்பு இல்லையென்றால் நம் ஊர் வெயில் தகட்டுக்கு நல்லது செய்திருக்கும். சென்னைக் கடற்கரைப் பக்கம் இத்தனை வருடம் நின்றிருந்தால் கேபின் அடியே இருந்திருக்காது. அதே வெயில் ரப்பரையும் வயரையும் சும்மா விட்டிருக்காது. தோப்பு என்பதால் இன்னொன்றும் உண்டு. உதிர்ந்த இலை குவிந்து ஈரம் பிடித்த மூலைகள், அதாவது கதவின் அடி, கால் வைக்கும் படி, முன் கண்ணாடியின் கீழ் விளிம்பு. முதலில் பெயின்ட் உப்புவது அங்கேதான்.

வண்டியை நெருங்கும் முன் ஒரு நீளக் கம்பால் அடியிலும் சீட்டுக்குக் கீழேயும் நன்றாகத் தட்டுங்கள். இத்தனை வருடம் நின்ற வண்டிக்குள் பாம்பு இருப்பது எங்கள் தொழிலில் சகஜம், அதிலும் விரியன் ஓடாமல் சுருண்டே கிடக்கும். சைலன்சர் வாயிலும் கார்பரேட்டர் வாயிலும் குளவி மண்கூடு கட்டியிருக்கும். பலகையைக் கறையான் தின்றிருக்கும். எதையும் கழற்றும் முன் எல்லாப் பக்கத்திலிருந்தும் போனில் படம் எடுங்கள், வயர் போகும் பாதை, குழாய் வளையும் இடம் உட்பட. மூன்று மாதம் கழித்து அந்தப் படம்தான் உங்களுக்கு வாத்தியார்.

சக்கரம் கழற்றும்போது கவனம். ஜீப் குடும்பத்தின் பழைய வண்டிகள் பலவற்றில் இடப்பக்கச் சக்கர நட்டுகள் எதிர் மரை. வழக்கம்போல் சுற்றினால் இறுகும். நகரவில்லையே என்று பைப் போட்டு ஏறி மிதிப்பார்கள், ஸ்டட் முறியும். ஸ்டட் முனையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள், ஆங்கில எல் எழுத்து இருந்தால் அது எதிர் மரை.

இப்போது எஞ்சின். நான்கு பிளக்கையும் கழற்றுங்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் எஞ்சின் ஆயிலும் டீசலும் பாதிப் பாதி கலந்து கொஞ்சம் ஊற்றி, ஒரு வாரம் விட்டுவிடுங்கள். தினமும் எவ்வளவு இறங்கியது என்று பாருங்கள். ஒரு சிலிண்டரில் மட்டும் ஊற்றியது உடனே காணாமல் போனால் ரிங் வழியே இறங்கிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். இந்த எஞ்சினில் இன்லெட் வால்வு மேலே ஹெட்டில், எக்ஸாஸ்ட் வால்வு கீழே பிளாக்கில். எக்ஸாஸ்ட் வால்வு திறந்த நிலையில் துருப்பிடித்து நின்றிருந்தால், நீங்கள் ஊற்றியது நேராகச் சைலன்சருக்குப் போயிருக்கும். பிளாக்கின் பக்கத்து மூடியைக் கழற்றினால் எக்ஸாஸ்ட் வால்வின் ஸ்பிரிங்கும் அதைத் தள்ளும் டேப்பட்டும் கண்ணுக்குத் தெரியும். மேலே ஏறியே நிற்கும் வால்வு இருந்தால் அதன் தண்டில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு, மெதுவாகத் தட்டி இறக்க வேண்டும். அது இறங்கும் வரை எஞ்சினைச் சுற்றவே கூடாது.

ஒரு வாரம் கழித்து, கியரை நியூட்ரலில் போட்டுவிட்டு, கிராங்க் புல்லி நட்டில் நீளமான ஸ்பேனர் போடுங்கள். ஒரே பக்கமாக அழுத்தாதீர்கள். கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே. பெரும்பாலும் முதல் நாள் எதுவும் நடக்காது. இரண்டாவது, மூன்றாவது நாள் ஸ்பேனர் முனை ஒரு விரல்கடை நகரும். அதை எங்கள் காதுதான் முதலில் கண்டுபிடிக்கும்: காய்ந்த பலாச்சுளைக் கொட்டையை மிதித்தது போல 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். அங்கே நிறுத்தி மறுபடி எண்ணெய் விடுங்கள். மறுநாள் இரண்டு விரல்கடை வரும். நான்கு முழுச் சுற்று தடங்கல் இல்லாமல் வந்த அன்று எனக்கு இன்னும் தூக்கம் வராது, இத்தனை வருடத்துக்குப் பிறகும். ஒரு மாதம் பொறுத்தும் அசையவில்லை என்றால் ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும். அப்போதும் சிலிண்டரைக் கடைந்து (போர் போட்டு), தேவையென்றால் உள்ளே புது உறை, அதாவது ஸ்லீவ் இறக்கி, இதே எஞ்சினை மீட்கலாம். அந்த வேலைக்கு ராணிப்பேட்டை, வேலூர் லேத் பட்டறைகளிலேயே கை தேர்ந்த ஆட்கள் இருக்கிறார்கள்.

சுற்றினால் உடனே ஸ்டார்ட் செய்யக் கூடாது. பழைய ஆயிலை இறக்கி, அடித் தொட்டியைக் கழற்றி, அடியில் உறைந்திருக்கும் கறுப்புக் களியை வழித்து எடுங்கள். புது ஆயில் ஊற்றி, பிளக் இல்லாமலே செல்ஃபால் சுற்றி, ஆயில் பிரஷர் மீட்டர் முள் ஏறும் வரை பாருங்கள். பிறகு நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் பாருங்கள். எண் எவ்வளவு என்பதைவிட நான்கும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்கிறதா என்பது முக்கியம். ஒன்று மட்டும் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. பிளக் இடைவெளி 0.030 அங்குலம், தீப்பொறி வரிசை 1-3-4-2.

பழைய பெட்ரோல் டேங்க்கைத் திறந்தால் வார்னிஷ் வாடை வரும், அடியில் தேன் நிறத்தில் பிசின். அந்த டேங்க்கில் ஒரு சொட்டுக்கூடப் பயன்படாது. கழற்றி, சின்னச் சல்லியோ நட்டுகளோ போட்டுக் குலுக்கிக் கழுவி, உள்துருவை எடுக்க வேண்டும். ஓட்டை இருந்தால் சொந்தமாக வெல்டிங் வைக்கவே வைக்காதீர்கள். காலியாகத் தெரியும் டேங்க்குக்குள் ஆவி இருக்கும், ஒரு பொறி பட்டால் வெடிகுண்டுதான். அதற்கென்றே பழகிய ரேடியேட்டர், டேங்க் பட்டறையில் கொடுங்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 1972-ன் ரப்பர் ஹோஸுக்கும் பெட்ரோல் பம்ப்புக்குள் இருக்கும் சவ்வான டயாபிரத்துக்கும் அது ஆகாது, ஈரத்தையும் இழுக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸும் டயாபிரமும் போடுங்கள். எஞ்சின் கேபினுக்குள்ளேயே இருக்கிறது, ஒழுகினால் உங்கள் தொடைக்குப் பக்கத்தில் ஒழுகும். முதல் ஸ்டார்ட் அன்று தீயணைப்பு சிலிண்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

சரி, பிரேக்குக்கு வருகிறேன். இதில் நான் கறார். வண்டி ஸ்டார்ட் ஆனதும் தோப்புக்குள் ஒரு ரவுண்டு போகலாம் என்று எல்லோருக்கும் கை பரபரக்கும். ஒருவர் அப்படிப் போய், கிணற்று மேட்டுச் சரிவில் மிதித்த பெடல் தரை வரை இறங்கி, வண்டி தென்னை மரத்தில் போய் நின்றது. நல்ல வேளை, மரம் இருந்தது. பழைய ஜீப் பிரேக் ஒரே சுற்று: ஒரே மாஸ்டர் சிலிண்டர், நான்கு சக்கரத்துக்கும் ஒரே வழி. எங்காவது ஒரு குழாய் வெடித்தால் நான்கும் போய்விடும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், அது சிலிண்டர் சுவரிலும் இரும்புக் குழாயின் உட்புறத்திலும் இத்தனை வருடமாக வேலை செய்திருக்கிறது. வெளியே பெயின்ட்கூடப் போகாத குழாயை வெட்டிப் பாருங்கள், உள்ளே செங்கல் நிறம். குழாய் எல்லாம் புதிது, ஹோஸ் எல்லாம் புதிது. வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டரில் குழி விழுந்திருந்தால் பித்தளை ஸ்லீவ் அல்லது புது சிலிண்டர்.

பின் டிரம் கழற்றும்போது புல்லர் கட்டாயம். அது கூம்பான அச்சு முனையில் கீ வைத்து இறுகி உட்கார்ந்திருக்கும். சுத்தியலால் அச்சு முனையில் அடித்தால் அடி நேராக பேரிங்குக்குப் போகும். டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத்துணியால் துடையுங்கள். ஹேண்ட் பிரேக் இந்தக் குடும்பத்தில் சக்கரத்தில் பிடிக்காது, டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் (முன், பின் அச்சுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) பின்னால் இருக்கும் தனி டிரம்மில் பிடிக்கும். அங்கே ஆயில் சீல் கசிந்தால் லைனிங் ஊறிப்போகும், எவ்வளவு இழுத்தாலும் நிற்காது. சீலை மாற்றாமல் லைனிங்கை மட்டும் மாற்றினால் ஒரே மாதத்தில் பழைய கதைதான்.

ரேடியேட்டருக்கு நம் ஊர்த் தண்ணீரே எதிரி. பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் தோல் கழிவால் கெட்டது 1996-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போன விஷயம். அந்த போர்த் தண்ணீரை வருடக்கணக்கில் ஊற்றியிருந்தால் ரேடியேட்டர் குழாயிலும் எஞ்சினுக்குள்ளும் சுண்ணாம்பு கட்டியிருக்கும். ரேடியேட்டரை மேலும் கீழும் பிரித்து ராடு விட்டு எடுக்கச் சொல்லுங்கள். பிளாக்கின் பக்கத்தில் அடைத்திருக்கும் வட்டத் தகட்டு மூடிகளை மாற்றும்போது, அந்த ஓட்டை வழியாகக் கம்பி விட்டு உள்ளே படிந்த சேற்றையும் எடுங்கள். இனிமேல் சுத்திகரித்த தண்ணீரும் கூலன்ட்டும்தான். கேபினுக்குள் எஞ்சின் இருக்கும் வண்டி, அக்னி நட்சத்திரத்தில் குடியாத்தம் வெயில். இதில் சிக்கனம் வேண்டாம்.

வயரிங்கை ஒட்டுப் போடாதீர்கள், முழுக்கப் புதிதாக இழுங்கள். ஃபியூஸ் பெட்டியும் ஹெட்லைட்டுக்கு ரிலேயும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேட்டரி வாங்கும் முன் காயிலிலும் டைனமோவிலும் எத்தனை வோல்ட் என்று படித்துப் பாருங்கள்.

டயர் ஓரத்தில் நான்கு இலக்கம் ஒரு வட்டத்துக்குள் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பூ தேயாமல் இருந்தாலும் அந்த டயர்கள் வண்டியை நகர்த்த மட்டுமே. அகல டயர் ஆசையை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் இது பவர் ஸ்டியரிங் இல்லாத, முன்பக்கம் கனமான வண்டி. அகல டயர் போட்டால் நிறுத்தும்போது ஸ்டியரிங்கைத் திருப்ப இரண்டு ஆள் வேண்டும், பேரிங்கும், முன் சக்கரம் திரும்பும் கிங் பின்னும் சீக்கிரம் போகும். காலிப் பாடியோடு ஓங்கி மிதித்தால் பின்பக்கம் லேசாகித் தூக்கும். கனமான டீசல் எஞ்சினை முன்னால் வைத்தால் இந்தக் குணம் இன்னும் மோசமாகும்.

சட்டமும் அந்தப் பக்கம்தான். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. எஞ்சின் மாற்ற ஆர்.டி.ஓ. முன் அனுமதி வேண்டும். 2021-ல் வந்த விண்டேஜ் பதிவு விதியைப் பலர் உங்களுக்குச் சொல்வார்கள்: 50 வருடம் தாண்டிய வண்டிக்கு 20,000 ரூபாய் கட்டி வி.ஏ. எண் வாங்கலாம் என்று. அந்த விதி இருசக்கர வண்டிக்கும் ஆட்கள் போகும் எம்1 வகைக்கும்தான். உங்கள் ஆர்.சி.யில் சரக்கு வண்டி என்று இருந்தால் அதில் சேராது. அதன்படி எடுத்தாலும் தினசரி ஓட்ட முடியாது, சேஸிஸ், பாடி, எஞ்சின் மூலத்தில் இருந்தபடியே இருக்க வேண்டும்.

ஆகவே பழைய ஆர்.சி. புத்தகத்தை இன்றே தேடுங்கள். தாத்தா பெயரில் இருந்தால், வாரிசுக்கு மாற்ற படிவம் 31. வட ஆர்க்காடு மாவட்டம் 1989-ல் பிரிந்தது, வேலூர் 2019-ல் மறுபடி மூன்றானது. பதிவேடு எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே நாலு நடை ஆகும். கணினியில் இந்த எண் இல்லாவிட்டால் பழைய பதிவேட்டிலிருந்து ஏற்றச் சொல்லி மனு கொடுங்கள். சேஸிஸ் எண் பொறித்த இடத்தில் கிரைண்டரோ பட்டியோ படாமல் காப்பாற்றுங்கள். அந்த எண் அழிந்தால் வண்டியே இல்லை.

மாற்றி அமைக்கும் ஆசைக்கு நான் தடை போடவில்லை. போல்ட்டைக் கழற்றினால் பழையபடி ஆகிவிடும் எதையும் செய்யுங்கள்: சீட் பெல்ட், நல்ல சீட், அடியில் சத்தம் அடக்கும் விரிப்பு, பின்னால் பூவரசு பலகை. வெட்டி ஒட்ட வேண்டிய எதையும் செய்யாதீர்கள்.

பெயின்ட் எல்லாவற்றுக்கும் கடைசி. அதற்கு முன் பழைய பட்டி எங்கே இருக்கிறது என்று காந்தம் வைத்துப் பாருங்கள், ஒட்டாத இடத்தில் பட்டி கனமாக இருக்கிறது, அடியில் தகடே இல்லாமலும் இருக்கலாம். அரித்ததை வெட்டி அதே கனத் தகடு வைத்து டிங்கரிங் செய்து, எபாக்ஸி பிரைமர் அடித்த பிறகு கலர். கதவின் உள்பக்கத்தில், கைப்பிடிக்குக் கீழே, பழைய நிறம் வெயில் படாமல் அப்படியே இருக்கும். ஒரு சதுர அங்குலத்தைச் சுரண்டாமல் விட்டு, பெயின்ட் கடையில் அதைப் பார்த்துக் கலக்கச் சொல்லுங்கள்.

முதலில் தோப்புக்குள் மட்டும் ஒரு வாரம் ஓட்டுங்கள். ஆர்.சி., இன்சூரன்ஸ் கைக்கு வந்த பிறகு, குடியாத்தத்திலிருந்து பேரணாம்பட்டு வரை, விடிகாலையில், காலியாக. அங்கே நிறுத்தி நான்கு டிரம்மையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அந்த வீல் சிலிண்டர் பிடிக்கிறது. 500 கிலோமீட்டரில் ஹெட் போல்ட்டை மறுபடி முறுக்கி, ஆயிலை மாற்றுங்கள். அப்புறம் வாரம் ஒரு தடவையாவது, எஞ்சின் நன்றாகச் சூடேறும் அளவுக்கு, ஒரு மணி நேரம் ஓட்டிவிடுங்கள்.